வெளியில் இருந்து ஆலோசகர் வந்தால் அங்கீகாரம் போய்விடுமா?

அடுத்த கேள்வி மூதூரில் இருந்து ஒரு அம்மா அனுப்பியது. அவருடைய மகன் அமெரிக்காவில் குடும்ப மருத்துவ ரெசிடென்சியில், அதாவது டொக்டர் படிப்பு முடித்தபின் செய்யும் பயிற்சியில், இரண்டாம் வருடம். தங்கள் பயிற்சிப் புரோகிராமைப் பார்க்க வெளி ஆலோசகர்கள் வருகிறார்கள் என்று மகன் சொன்ன நாளில் இருந்து அம்மாவுக்கு நித்திரை இல்லை. அங்கீகாரம் போகப் போகிறதா என்று கேட்கிறார்.

அம்மா, பயப்படாதீர்கள். அங்கீகாரம் கொடுப்பதும் எடுப்பதும் ஏசிஜிஎம்இ (ACGME) என்கிற, அங்கே ரெசிடென்சிகளை மேற்பார்க்கும் சபை. ஆலோசகர்கள் புரோகிராமே கூப்பிட்டு வருகிறவர்கள், வேறு இடங்களில் ரெசிடென்சி நடத்திப் பழகிய டொக்டர்மார். அமெரிக்கக் குடும்ப மருத்துவர் அகாடமி 1975இல் இருந்தே இதற்கென்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. அவர்கள் எழுதும் அறிக்கை கூப்பிட்டவர் கையில்தான் இருக்கும், சபைக்குப் போகாது. அதனால்தான் அவர்களிடம் மனம் விட்டுப் பேச முடிகிறது.

இங்கே திருகோணமலையில் நான் முன்பு வேலை செய்த ஒரு கிளினிக்கில், வெளியூர் டொக்டர் ஒருவர் ஒரு காலை முழுக்க நோயாளிகளோடு வாங்கில் இருந்து பார்த்தார். பிரஷர் பார்க்கும் கதிரை மாடிப்படி முடிகிற இடத்திலேயே கிடந்தது. வயது போனவர்கள் மூச்சு வாங்க ஏறி வந்தவுடனே நாங்கள் அளந்துகொண்டிருந்தோம். மூன்று வருடம் அது எங்கள் கண்ணில் படவே இல்லை!

ரெசிடென்சியிலும் இதே கதைதான். முன்பு ஒரு ரெசிடென்ட் தன் குடும்ப மருத்துவ நிலையத்தில் 1,650 நோயாளர் வருகைகளைப் பார்க்க வேண்டும் என்று விதி. 2023இல் அது அங்கே நோயாளரைப் பார்க்கும் 1,000 மணித்தியாலம் என்று மாறியது. கணக்கு எங்கே குறைகிறது என்பதை வெளி ஆள் சீக்கிரம் பிடித்துவிடுவார்.

சரி, ஆலோசனை கேட்டால் அங்கீகாரம் நிச்சயமா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே சிக்கலில் இருக்கிற புரோகிராம்களும் ஆலோசகரைத் தேடும். ஆகவே கூப்பிட்டவர்களையும் கூப்பிடாதவர்களையும் வெறுமனே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் வருத்தக்காரர் அதிகம் என்பதற்காக ஆஸ்பத்திரிதான் வருத்தம் தருகிறது என்போமா? நேரத்தோடு கூப்பிட்டு, சொன்னதைச் செய்தால் பலன் இருக்கும். சபையின் ஆள் வர இரண்டு கிழமை இருக்கும்போது கூப்பிட்டு என்ன செய்ய?

மகனிடம் ஒன்று கேளுங்கள் அம்மா. புரோகிராமின் இப்போதைய நிலை தொடர் அங்கீகாரமா, எச்சரிக்கையோடா, நன்னடத்தைக் காலமா (குறைகளைத் திருத்தக் கொடுக்கும் தவணை)? சபையின் இணையத்தளத்தில் அது எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இருக்கிறது, இன்று இரவே பார்த்துவிடலாம். ஒருவேளை புரோகிராம் மூடப்பட்டாலும், ரெசிடென்ட்கள் வேறு அங்கீகாரம் பெற்ற இடத்தில் சேர உதவும் பொறுப்பு அதை நடத்தும் நிறுவனத்துக்கு உண்டு.