போர்டு ஏன் ஓடவில்லை?

வணக்கம் நேயர்களே.

ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்துவிட்டால் போதும். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் கேரம் ஆடுகிற இடத்திலெல்லாம் ஒரே புலம்பல்தான்: "போர்டு ஓடலப்பா!" பங்குனியில் லேசாகச் சுண்டினாலே அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் திரும்பி வந்த ஸ்ட்ரைக்கர், அதாவது காயினை அடிக்க நாம் சுண்டுகிற பெரிய வட்டு, இப்போது பாதி வழியில் உட்கார்ந்துவிடும். உடனே ஒருத்தர் பவுடர் டப்பாவை எடுத்துக் கவிழ்ப்பார். அதற்கப்புறம் இன்னும் மோசம்.

இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆட்டத்தின் விதிகளைச் சொல்லப்போவதில்லை. ரெட்டை, அதாவது சிவப்புக் காயினைப் போட்டால் அடுத்து இன்னொரு காயினை ஃபாலோவாகப் போடணும் என்பதை வடசென்னைக்காரர்களுக்கு ரேடியோவில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் சிரிப்பீர்கள். வியாசர்பாடி இளவழகி 2008இல் உலக சாம்பியன் ஆனார். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர் காஜிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். அந்த ஊர்க்காரர்களுக்கு ஆட்டம் தெரியும். பலகையைப் பராமரிப்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

முதலில் பலகை. நடுவில் இருப்பது ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட். மெல்லிய மரத்தாள்களை ஒன்றின் இழை நீளவாக்கிலும் அடுத்ததன் இழை குறுக்கிலும் வருகிற மாதிரி மாற்றி மாற்றி ஒட்டியிருப்பார்கள். மரம் ஈரம் குடித்தால் இழைக்குக் குறுக்கே விரியும், நீளவாக்கில் அவ்வளவாக விரியாது. மாற்றி ஒட்டுவதால் ஒரு தாள் விரியப் பார்க்கும்போது பக்கத்துத் தாள் பிடித்து நிறுத்திவிடும். ஆனால் இதெல்லாம் இரண்டு பக்கமும் ஒரே அளவு ஈரம் குடித்தால்தான். நம் போர்டில் மேல்பக்கம் பளபளவென்று பாலிஷ், அடிப்பக்கம் பெரும்பாலும் வெறும் மரம். கீழே ஈரம் ஏறும், மேலே ஏறாது. அடிப்பக்கம் விரிந்தால் பலகை நடுவில் கீழ்நோக்கிக் குழியும்.

இப்போது நம் பக்கத்து வழக்கத்தை யோசித்துப் பாருங்கள். போர்டை எதன்மேல் வைக்கிறோம்? பிளாஸ்டிக் டிரம் மேல். டிரம் ஆடாமல் இருக்க உள்ளே தண்ணீர். திறந்த வாய்க்கு மேலே போர்டின் பாலிஷ் இல்லாத அடிப்பக்கம், சாயங்காலம் முழுக்க. டிரம்முக்குள் தண்ணீர் வேண்டுமென்றால் வாயை ஒரு பாலிதீன் தாளால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். தண்ணீருக்குப் பதில் மணல் போட்டால் இன்னும் நல்லது, காய்ந்த மணல். டிரம்மின் மேல் ரீப்பர் என்கிற மெல்லிய நீளக் கட்டை இரண்டை இணையாகப் போட்டு, போர்டைச் சுற்றியுள்ள மரச்சட்டம் அந்தக் கட்டைகள்மேல் உட்காருகிற மாதிரி போர்டை வையுங்கள். மூலைகள் அந்தரத்தில் நிற்காது.

குழிந்திருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். ஓர் அடி ஸ்கேலை, ஸ்டீல் ஸ்கேலாக இருந்தால் நல்லது, போர்டின் நடுவில் விளிம்பு கீழே படும்படி செங்குத்தாக நிறுத்துங்கள். பின்னாலிருந்து செல்போன் லைட் அடியுங்கள். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் கசிகிற இடம் பள்ளம். குறுக்கே, நெடுக்கே, மூலைவாட்டில் என்று மூன்று விதமாகப் பாருங்கள். மட்டம் பார்க்க, கொத்தனாரிடம் இருக்கிற ரசமட்டம் போதும். குமிழி நடுவில் நிற்கும்வரை, தாழ்ந்த பக்கம் சட்டத்துக்கும் கட்டைக்கும் இடையில் மடித்த அட்டையைச் செருகுங்கள். "நான் நேராத்தான் அடிச்சேன், அது வளைஞ்சு போச்சு" என்று சொல்கிறவர் எப்போதும் பொய் சொல்வதில்லை. மெதுவாகப் போகிற காயின், மட்டம் தப்பிய போர்டில் கடைசி அரைச் சாணில் ஒரு பக்கம் சரியத்தான் செய்யும்.

ஆட்டம் முடிந்ததும் பலர் போர்டைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விடுவார்கள். சாய்வாக வாரக்கணக்கில் நின்றால் பலகை தன் எடையிலேயே வளையும். நேராகத் தொங்கவிடுங்கள், அல்லது நேராக நிறுத்துங்கள். குளியலறையை ஒட்டிய சுவரும் மழைச்சாரல் அடிக்கிற வெளிச்சுவரும் வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் சுற்றுவது ரொம்பத் தப்பு, ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். பழைய பருத்திப் போர்வை போதும்.

சரி, இப்போது பவுடருக்கு வருகிறேன். இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. கொஞ்ச நேரம் இதிலேயே நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேரம் போர்டுக்குப் போடவேண்டியது போரிக் பவுடர். போரிக் அமிலத்தின் பொடி. வாங்கும்போது டப்பாவில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். முகத்துக்குப் போடுகிற பவுடர் ஆகாது. அரிசி மாவு, மைதா மாவு ஆகவே ஆகாது. ஏன்? போரிக் அமிலம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடுக்குகளாக அமைந்தது. அடுக்குக்குள் பிடிப்பு பலம், அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில் பிடிப்பு குறைவு. சீட்டுக்கட்டை மேசையில் வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் சரிகிற மாதிரி, ஒரு அடுக்கின்மேல் இன்னொன்று சறுக்கும். காயின் பலகையைத் தொடாமல் அந்தச் சறுக்கலின்மேல் ஓடுகிறது. முகப் பவுடரிலும் சறுக்குகிற பொருள் உண்டு. ஆனால் அதோடு வாசனையும், வியர்வையை உறிஞ்சுவதற்கான மற்றதும் சேர்ந்திருக்கும். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தையும் விரலின் வியர்வையையும் உறிஞ்சிக்கொண்டு அது களிம்பாகிவிடும். மாவு அதைவிட மோசம். ஈரத்தில் ஒட்டும், காய்ந்தால் திட்டுத்திட்டாக நிற்கும், எறும்பையும் கூட்டிவரும்.

அளவுக்கு வருவோம். போர்டு ஓடவில்லை என்றால் எல்லோரும் பவுடரைக் கூட்டுகிறார்கள். குறைக்கவேண்டும். மறுபடியும் சொல்கிறேன், குறைக்கவேண்டும். ஒரு முழு போர்டுக்கு ஒரு சிட்டிகை, மிஞ்சிப்போனால் இரண்டு. ஒரு மெல்லிய துணியில் பவுடரை முடிந்து, போர்டுக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்து லேசாகத் தட்டினால் சீராக விழும். பிறகு காய்ந்த பருத்தித் துணியால் வட்டவட்டமாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிடுங்கள். போர்டில் வெள்ளை தெரியக் கூடாது. தெரிந்தால் அதிகம். அதிகமான பவுடர் காயினுக்கு முன்னால் குவிந்து அதை நிறுத்தும், ஓரமாகக் குவிந்தால் பாதையைத் திருப்பும். எல்லாவற்றையும்விடக் கெடுதல், சட்டத்தின் அடியில் நாலு ஓரத்திலும் சேர்கிற பவுடர். ஸ்ட்ரைக்கர் சட்டத்தில் மோதும் முன்பே அதில் வேகம் போய்விடும். டபுள், அதாவது சட்டத்தில் மோதித் திரும்பும்படி அடிக்கிறவர்கள் கணக்குத் தப்புவது இங்கேதான். பெயின்ட் அடிக்கிற ஒரு அங்குல பிரஷ் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டு, நாலு சுற்று ஆட்டத்துக்கு ஒருமுறை ஓரத்தைக் கூட்டுங்கள். ஈரத்துணி படவே கூடாது.

போட்ட பவுடர் சரிதானா என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. போட்டி விதிப்படி, 15 கிராம் ஸ்ட்ரைக்கரை ஓங்கிச் சுண்டினால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் குறைந்தது மூன்றரை தடவை ஓடவேண்டும். வீட்டு போர்டு இரண்டரை ஓடினாலே நன்றாக இருக்கிறது என்று சொல்வேன்.

இந்த போரிக் பவுடரைப் பற்றி ஒரு கிளைக்கதை. கரப்பான்பூச்சிக்கு வைக்கிற மருந்தும் இதுவேதான். கரப்பான் இதன்மேல் நடந்தால் காலிலும் உணர்கொம்பிலும் ஒட்டிக்கொள்ளும். அது தன்னைத்தானே ஓயாமல் சுத்தம் செய்கிற பூச்சி. கொம்பை வாயால் இழுத்து நக்கும், பொடி வயிற்றுக்குள் போகும், சில நாளில் சாகும். அங்கேயும் நம் ஆட்கள் செய்கிற தப்பு இதேதான். குவியலாகக் கொட்டுவார்கள். குவியலைக் கண்டால் கரப்பான் சுற்றிக்கொண்டு போய்விடும். சிலிண்டருக்குப் பின்னால், சிங்க்குக்கு அடியில், ஈரம் படாத இடத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு மெல்லிசாகத் தூவவேண்டும். குறைத்துப் போடணும் என்று நான் சொன்னது கரப்பானுக்கும் பொருந்தும் பாருங்கள்.

கரப்பானுக்கு விஷம் என்றால் நமக்கும் வயிற்றுக்குள் போகவேண்டிய பொருளில்லை. ஆட்டத்துக்கு நடுவே பஜ்ஜி வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். இன்னொன்று, இதைக் கட்டாயம் கேளுங்கள்: காலியான முகப் பவுடர் டப்பாவில் போரிக் பவுடரை நிரப்பி வைக்காதீர்கள். தெரியாமல் யாராவது எடுத்துக் குழந்தைக்குப் பூசிவிடுவார்கள். குழந்தையின் உடம்பில், அதுவும் தோல் புண்ணாகியிருந்தால், இது ஆபத்து.

விளக்கையும் சொல்லிவிடுகிறேன். போர்டுக்கு நடுவே, மேலே குடை போட்ட குண்டு பல்பு தொங்குமே, அது வெளிச்சத்துக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். குண்டு பல்பு இழுக்கிற மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது. அந்தச் சூடு போர்டின் மேல்பரப்பை எந்நேரமும் லேசாகக் காயவைத்துக்கொண்டிருந்தது. இப்போது எல்இடி வந்துவிட்டது. கரண்ட் மிச்சம், சூடு இல்லை. மழைக்காலத்தில் போர்டு முன்பைவிட மந்தமாக இருக்கிறது என்றால் இதுவும் ஒரு காரணம். எல்இடியை மாற்றவேண்டாம். ஆட்டத்துக்கு முன் துணியைக் காயவைத்து, அந்தச் சூடான துணியால் போர்டை அழுத்தித் தேய்த்தாலே போதும்.

இப்போது கையில் இரண்டு காயின் எடுத்துக்கொள்ளுங்கள். போர்டு இல்லாவிட்டாலும் வழவழப்பான மேசை போதும். ஒரு காயினை வைத்து, இன்னொரு காயினால் நேர் நடுவில் படும்படி சுண்டுங்கள். மோதிய காயின் கிட்டத்தட்ட அந்த இடத்திலேயே நின்றுவிடும், அடிபட்டது மட்டும் ஓடும். இப்போது காயினுக்குப் பதில் ஸ்ட்ரைக்கரால் சுண்டுங்கள். நிற்காது. பின்னாலேயே போகும். காயின் 5லிருந்து 5.5 கிராம், ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை, ஏறக்குறைய மூன்று மடங்கு. சம எடை என்றால் வேகம் முழுக்கக் கைமாறிவிடும். மூன்று மடங்கு என்றால், நேர் அடியில், ஸ்ட்ரைக்கர் தன் வேகத்தில் ஏறக்குறைய பாதியை வைத்துக்கொள்ளும். காயினோ ஸ்ட்ரைக்கர் வந்ததைவிடக் கூடுதல் வேகத்தில் கிளம்பும்.

பாக்கெட்டின் வாயில் இருக்கிற காயினை ஆசையாக நேராக அடித்து, பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் உள்ளே போய் ஃபைன், அதாவது தண்டம் கட்டுகிறோமே, அதன் ரகசியம் இதுதான். பாக்கெட்டின் குறுக்களவு 4.45 சென்டிமீட்டர், ஸ்ட்ரைக்கரின் அளவு அதிகபட்சம் 4.13. இடைவெளி மூன்று மில்லிமீட்டர் சொச்சம், ஆனாலும் கச்சிதமாக விழுந்து தொலைக்கும். தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, பாதி வேகம் மிச்சமிருந்தாலும் பலகையின் பிடிப்பிலேயே நின்றுவிடுகிற அளவு மெதுவாக அடிப்பது. இன்னொன்று, சட்டத்தில் மோதித் திரும்பி வந்து அடிப்பது. நன்றாக ஓடுகிற போர்டில் முதல் வழி கஷ்டம். அதனால்தான் மந்தமான வீட்டு போர்டில் ஆடிப் பழகியவர்கள் போட்டி போர்டில் முதல் நாள் ஃபைனாகக் கட்டித் தள்ளுவார்கள்.

விரல் வலிக்கிறது என்று குழந்தைகள் சொல்வார்கள். ஸ்ட்ரைக்கருக்கும் விரலுக்கும் நடுவே இடம் விட்டு ஓங்கிச் சுண்டுவதால் வருகிற வலி அது. நகம் மோதுகிறது. விரல் நுனியின் சதை ஸ்ட்ரைக்கரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்து அங்கிருந்தே விடச் சொல்லுங்கள். வலியும் இருக்காது, குறியும் தப்பாது. தள்ளக் கூடாது, சுண்டவேண்டும், அது தனி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டதாம். காயின் தேர்ந்தெடுப்பதைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், இரண்டே வார்த்தை. ஒன்பது வெள்ளையை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கள், பக்கத்தில் ஒன்பது கறுப்பு. உயரம் ஒத்துப்போகாவிட்டால் ஏதோ தேய்ந்திருக்கிறது, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும். விளிம்பு தேய்ந்த காயின் மோதும்போது இன்னொன்றின்மேல் ஏறும், அதைத் தூக்கிப் போடுங்கள். மரக் காயினைத் தண்ணீரில் கழுவாதீர்கள்.

பாக்கெட் வலை கிழிந்திருந்தால் காசிமேட்டுப் பக்கம் கிடைக்கிற சின்னக் கண் வலைத்துண்டு ஒன்று போதும். கட்டும்போது ஆணித்தலை உள்ளே நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காயின் விளிம்பைச் செதுக்கிவிடும். இறுக்கிக் கட்டாதீர்கள், பத்து காயின் தங்குகிற ஆழம் இருக்கட்டும். இறுக்கமான வலையில் வேகமாக விழுந்த காயின் துள்ளி மறுபடி போர்டுக்கே வரும், அப்புறம் அது விழுந்ததா இல்லையா என்று ராத்திரி முழுக்கச் சண்டை. வணக்கம்.