கொலுசு தராசுல நிறுத்த கிளைடர்

வணக்கங்க. சேலம் செவ்வாப்பேட்டையில கொலுசு பட்டறை வச்சிருக்கற ஆளு நான். ரேடியோவுல பேச வாங்கன்னு கூப்பிட்டப்போ வெள்ளி வெலைய பத்திதான் கேப்பாங்கன்னு நெனச்சேன், இவங்க என்னடான்னா அந்த ராக்கெட்ட பத்தி பேசுங்கன்னுட்டாங்க. நல்லதாப் போச்சு, வெலைய பத்தி ஆரம்பிச்சா வயித்தெரிச்சல்தான் மிஞ்சும்.

ராக்கெட்னா தீபாவளி ராக்கெட் இல்லைங்க. அட்டைக் குழாயில செஞ்ச மாடல் ராக்கெட், அது ஒரு குட்டி கிளைடர சுமந்துக்கிட்டு மேல போகும், உச்சிக்கு போனதும் ராக்கெட் கழண்டு ஒரு ரிப்பன விரிச்சு தனியா இறங்கிடும், கிளைடர் எஞ்சின் கிஞ்சின் எதுவும் இல்லாம காத்துலயே வட்டம் போட்டு மெதுவா வரும். இதயே பெருசா இஸ்ரோ செஞ்சாங்க, 2016 மே 23ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து, றெக்கை வச்ச ஒரு வண்டிய ராக்கெட் தலையில உக்கார வச்சு சுமார் 65 கிலோமீட்டர் ஒசரத்துக்கு அனுப்பி வங்காள விரிகுடா பக்கம் இறக்கினாங்க. அப்புறம் 2023 ஏப்ரல்ல சித்ரதுர்கா பக்கம் ஹெலிகாப்டர்ல நாலரை கிலோமீட்டர் தூக்கிட்டுப் போயி விட்டப்போ அது தானாவே ரன்வேயில வந்து இறங்குச்சு. அந்த வீடியோவ பட்டறையில உக்காந்து பாத்துட்டு எங்க அக்கா பையன் கேட்டான், மாமா இத நாம சின்னதா பண்ணலாமான்னு. இஞ்சினியரிங் படிக்கிறவன், கேட்டுட்டு போயிட்டான், மாட்டிக்கிட்டது நான்.

மருந்த நாங்க தொடலைங்க, அத அழுத்தமா சொல்லிடறேன், ஏன்னா கேக்கற பசங்க எவனாவது தீக்குச்சி மருந்த சொரண்டி அடைச்சுப் பாத்தா கை போயிடும். வெடிமருந்து கலக்கறதுக்கு சட்டப்படி லைசன்ஸ் வேணும். மருந்து அடைச்சு ரெடியா வர்ற ராக்கெட் மோட்டார பையனோட காலேஜ் மூலமா வாங்கினோம், கட்டைவிரல் மொத்தத்துல 7 சென்டிமீட்டர் நீளம், அவ்ளோதான். அது மேல பி4-2ன்னு போட்டிருக்கும். பி-ங்கறது மொத்த சக்தி, ஏ-வ விட பி ரெண்டு மடங்கு, சி அதுக்கும் ரெண்டு மடங்கு. 4-ங்கறது சராசரியா எத்தன நியூட்டன் தள்ளும்னு. கடைசி 2 இருக்கே, அதுலதான் விஷயமே இருக்கு, எரிஞ்சு முடிஞ்சதுக்கப்புறம் 2 செகண்ட் சும்மா மேல போக விட்டுட்டு முன்பக்கமா ஒரு சின்ன வெடி வெடிக்கும், அதுலதான் ராக்கெட் கழலும். கிளைடர தூக்கிட்டுப் போறது காத்துல சீக்கிரம் வேகம் கொறஞ்சிடும், அதனால 2, மிஞ்சினா 3, அதுக்கு மேல வாங்கினா திரும்பி கீழ பாத்து வர்றப்போதான் கழலும்.

கிளைடர 2 மில்லிமீட்டர் தெர்மகோல் ஷீட்ல வெட்டினோம், றெக்கை இந்த முனையில இருந்து அந்த முனைக்கு 30 சென்டிமீட்டர், ஒடம்புக்கு ஒரு பால்சா குச்சி. அந்த ஒரு சொட்டுல ஒட்டற பசைய வச்சேன் பாருங்க, தெர்மகோல் அப்படியே புஸ்ஸுன்னு கரைஞ்சு காசு அளவுக்கு ஓட்டை. வெள்ளை கோந்துதான் சரி, ராத்திரி வச்சா காலையில பிடிச்சிருக்கும், அவசரப்படக் கூடாது. செஞ்சு முடிச்சு கொலுசு நிறுக்கற தராசுல வச்சா 17 கிராம் 400 மில்லிகிராம். நம்ம தொழில்ல ஒரு ஜோடிக்கு பத்து மில்லி கொறஞ்சாலும் சண்டை வரும், அந்த பழக்கம் இங்க நல்லா ஒதவுச்சு.

ஏன்னா கிளைடர்ல எல்லாமே எடைதாங்க. பட்டறை மாடியில சாயங்காலம் காத்து அடங்கினப்புறம் லேசா கீழ பாத்து கையால விடுவோம். மூக்கு குத்திக்கிட்டு போனா முன்னாடி வெயிட் ஜாஸ்தி. மூக்க தூக்கி நின்னு பொத்துனு விழுந்து மறுபடி தூக்கி மறுபடி விழுந்து அலை மாதிரி போனா வெயிட் பத்தல, கொழந்தைங்க வெளையாடற களிமண்ண கடுகளவு எடுத்து மூக்குல ஒட்டு, மறுபடி விடு. சரியான எடத்துக்கு வந்துட்டா என்னா அழகுங்கறீங்க, கயித்துல கட்டி இழுத்த மாதிரி நேரா போகும். அப்புறம் வால லேசா ஒரு பக்கம் மடக்கி விட்டா வட்டம் போடும், இல்லன்னா அது பாட்டுக்கு ஊரத் தாண்டிப் போயிடும். ராக்கெட் குழாய் பத்து நாள்ல முடிஞ்சுது, இந்த களிமண் வேலைக்கு ரெண்டு மாசம். வீட்ல கேட்டாங்க, கஸ்டமர் கொலுசு நிக்குது நீங்க மாடியில என்ன பண்றீங்கன்னு.

இவ்ளோ அழகா மெதக்கறத அப்படியே மோட்டார முதுகுல ஒட்டி விட்டோம். தப்பு. ராக்கெட்ட நேரா ஏவறதுக்கு நட்டு வச்ச கம்பிய விட்டு ஒரு ஆள் ஒசரம் போச்சு, அப்படியே பின்பக்கமா ஒரு குட்டிக்கரணம் அடிச்சு நாங்க நின்ன பக்கமே வந்து மண்ணுல குத்துச்சு. காரணம் என்னன்னா, காத்தோட தூக்குற விசை வேகம் ஏறற அளவுக்கு மட்டும் ஏறாது, வேகத்தோட வர்க்கத்துல ஏறும். கையால விடற வேகத்த விட 4 மடங்கு வேகத்துல போனா விசை 16 மடங்கு. மெதுவா மெதக்கறப்போ மூக்க பக்குவமா தூக்கிப் பிடிக்கிற அதே அமைப்பு, வேகத்துல அத பின்னாடி சுருட்டி எறிஞ்சிடும். மேல போறதுக்கு ஒரு கொணம், கீழ வர்றதுக்கு நேர் எதிர் கொணம், ஒரே றெக்கையில ரெண்டும் வேணும்னா எப்படி.

அதுக்குதான் மோட்டார் குழாய தனியா செஞ்சு கிளைடரோட மூக்குக்கு முன்னாடி ஒரு கொக்கியில மாட்டறது. மோட்டார் மட்டுமே சுமார் 20 கிராம், கிளைடர விட ஜாஸ்தி, அது முன்னாடி உக்காந்ததும் மொத்த வெயிட்டும் முன்னுக்கு வந்துடுது, சுருட்டாது, அம்பு மாதிரி நேரா போகும். உச்சியில வெடிச்சதும் குழாய் பின்வாங்கி கொக்கிய விட்டு வழுக்கிடும், வெயிட் பழையபடி பின்னாடி வந்து மாடியில விட்ட அதே கிளைடரா ஆயிடும். இத யோசிச்சவன் கைய கண்ணுல ஒத்திக்கலாம். நம்ம பக்கத்து சேர்க்கை ஒண்ணே ஒண்ணு, வெடியில ரிப்பன் பொசுங்காம இருக்க நடுவுல அடைக்கறதுக்கு பச்ச வாழையிலைய கிழிச்சு வச்சோம், கருகுது, பத்திக்கல.

கம்பிக்கு நமக்கென்ன பஞ்சம், உருக்காலை இருக்கற ஊரு, 3 மில்லிமீட்டர் எஸ்எஸ் கம்பி ஒரு மீட்டர். குனியறப்போ கண்ணுல குத்திடும்னு நுனியில ஒரு கார்க்கு. பைக் பேட்டரி, அஞ்சு மீட்டருக்கு மேல ஒயர், மோட்டார் தீப்பிடிக்கலன்னா ஒரு நிமிஷம் கழிச்சுதான் கிட்ட போகணும், பத்த வைக்கற சுவிட்சோட சாவி என் பாக்கெட்லதான் இருக்கும்.

எடம்தான் ரோதனை. ஓமலூர் பக்கம் நல்ல வெட்டவெளி, ஆனா காமலாபுரத்துல ஏர்போர்ட், அந்தப் பக்கமே தலவச்சுப் படுக்கக் கூடாது. ஏற்காட்டுல விடலாம்னு பையன் சொன்னான், 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போயி ராக்கெட் வேணாம் கையால விட்டு பாப்போம்னு லேடீஸ் சீட் பக்கம் ஒரு கிளைடர விட்டேன், வெயில்ல சூடான காத்து சரிவுல ஏறி வந்துட்டு இருந்துச்சு போல, கிளைடர் இறங்கவே இல்ல, எங்க தலைக்கு மேல ஏறி சில்வர் ஓக் மரங்களுக்கு அந்தாண்ட போயிடுச்சு. மாமா வாங்க டீ சாப்பிடலாம்னான். வேற என்ன பண்றது.

கடைசியில ஆத்தூர் ரோட்டுப் பக்கம், தெரிஞ்சவரோட குச்சிக்கிழங்கு புடுங்கின காடு. முதல் தடவ ரிப்பன் கிளைடரோட வாலுல சுத்திக்கிச்சு, ரெண்டும் கட்டிப்புடிச்சுக்கிட்டே வந்து விழுந்துச்சு. இது உலகம் பூரா நடக்கறதுதானாம், இதுக்கு 'ரெட் பாரன்'னு, முதல் உலகப்போர் ஜெர்மன் விமானி ஒருத்தரோட பட்டப்பேரையே வச்சிருக்காங்க, பையன் சொன்னான். ரிப்பன குட்டையாக்கிட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு விட்டோம். சுர்ருனு ஒரு சத்தம், பொகைக் கோடு, அப்புறம் 2 செகண்ட் எதுவுமே இல்ல, அந்த 2 செகண்ட்ல எனக்கு வெரலே நடுங்குச்சு, டப்புனு சின்னதா ஒண்ணு, குழாய் ஒரு பக்கம், வெள்ளையா ஒண்ணு தனியா பிரிஞ்சு எடதுபக்கமா சாஞ்சு வட்டம் போட ஆரம்பிச்சுது. 51 செகண்ட். பையன் எண்ணிக்கிட்டே ஓடறான், நான் பின்னாடி வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடறேன்.

போயி எறங்குன எடம் பக்கத்து சேகோ பேக்டரி களம். ரெண்டு ஏக்கர் இருக்கும், பூரா வெள்ளை வெளேர்னு ஜவ்வரிசி காயுது. நம்ம கிளைடரும் வெள்ளை. வாட்ச்மேன் செருப்பக் கழட்டிட்டு ஓரமா நின்னு பாத்துக்கங்கன்னுட்டாரு, ஒரு மணி நேரம் பாத்தும் கண்ணுக்கு படல. மூணு நாள் கழிச்சு மறுபடி போனப்போ அங்க காய வைக்கிற அக்கா ஒருத்தங்க கையில இருக்கு, வாலு இல்ல, றெக்கை மட்டும், ஓரத்துல சிந்தினத அதுலதான் கூட்டி அள்ளிட்டு இருந்தாங்க. ஏங்க்கா இது எங்களோடதுன்னேன். ஃப்ரிட்ஜ் பெட்டியில இருந்து பறந்து வந்த அட்டைன்னு நெனச்சேன் தம்பி, லேசா நல்லா இருக்கு, இன்னொண்ணு இருந்தா குடுத்துட்டுப் போன்னாங்க.

செஞ்சு குடுத்தேன், வாலு இல்லாம. எங்களோடதுக்கு இப்போ மேல்பக்கம் ஆரஞ்சு, வானத்துல தெரியணும்னு கீழ்ப்பக்கம் கருப்பு, பெயிண்டுக்கு மட்டும் 600 மில்லிகிராம் எடை ஏறிடுச்சு, மூக்கு களிமண்ண மறுபடி முதல்ல இருந்து பாத்துட்டு இருக்கோம்.