சென்னை – மதுரை: நேரத்தை எங்கிருந்து எண்ணுவது?

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் லாரிச் சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். துவரங்குறிச்சி தாண்டி ஒரு டீக்கடை வாசலில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுகிறேன். மதுரைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

சென்னையிலிருந்து மதுரைக்கு விமானம் நல்லதா, கார் நல்லதா? தூரத்தைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. வானத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 420 கிலோமீட்டர், சாலையில் சுமார் 460. வழியில் ஏறி இறங்க மலை கிடையாது. திண்டிவனம், விழுப்புரம், பெரம்பலூர், திருச்சி என்று சாலை அதிகம் சுற்றாமல் தென்மேற்காக இறங்கிவிடுகிறது.

விமானத்தில் உட்காருவது ஒன்றேகால் மணி நேரம். போன மாதம் அதில் போனபோது, பெரம்பூரில் வீட்டைப் பூட்டிய நிமிடத்திலிருந்து குறித்து வைத்தேன். காலை 5 மணிக்குக் கிளம்பி, மீனம்பாக்கம், சோதனை வரிசை, காத்திருப்பு எல்லாம் முடிந்து, பெருங்குடியில் இறங்கி, டாக்சி பிடித்து மதுரை அண்ணா நகர் வீட்டுக்குள் நுழையும்போது மணி 9.55. ஏறக்குறைய ஐந்து மணி நேரம்! காரில் என்றால் எனக்கு எட்டு மணி நேரம். அதில் பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி நெரிசல்தான் கொடுமை. ஆறு மணிக்குள் செங்கல்பட்டைத் தாண்டிவிட்டால் பாதிக் கவலை போய்விடும். தாம்பரம் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு ஒரு மணி நேரம் அப்படியே மிச்சம்.

அப்படியென்றால் விமானம்தானே? பகலில் திட்டம் போட்டுப் போகிறவர்களுக்கு, ஆமாம். ஆனால் மூன்று மாதம் முன்னால் ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மா போன் செய்தார். அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார். அன்றைக்குக் கடைசி விமானத்தைப் பிடிக்க வழியே இல்லை. காலை விமானம் என்றால் வீடு சேரப் பத்து மணியாகும். பத்து மணி ராத்திரிக்கே காரில் கிளம்பினோம், ஐந்தரைக்கு அப்பா பக்கத்தில் இருந்தேன். அவசரத்தில் நேரத்தை விமானம் ஏறியதிலிருந்து எண்ணக் கூடாது, போன் வந்ததிலிருந்து எண்ணுங்கள். சாலை எப்போதும் திறந்தே கிடக்கிறது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த மனநிலையில் தனியாக ஓட்டாதீர்கள். அன்றைக்கு என் மச்சான்தான் ஓட்டினார். சமயபுரம் டோல்கேட்டில் நிறுத்தி, முகம் கழுவி, அப்புறம்தான் கொள்ளிடம் பாலத்தையே தாண்டினோம்.

இன்றைக்கு அவசரம் இல்லை. நாளைக்கு அப்பாவுக்கு மறுபரிசோதனை. பின்சீட்டில் இரண்டு தலையணை வைத்திருக்கிறேன், அவர் சாய்ந்து உட்கார்ந்து வரட்டும் என்றுதான் காரிலேயே வந்தேன். சரி, டீ ஆறிக்கொண்டிருக்கிறது. கிளம்புகிறேன்.