பயணத்துக்கு ஒரு டைவ் டார்ச்

நேயர்களுக்கு வணக்கம். நீருக்கடியில் மூழ்குபவர்கள் பயன்படுத்தும் டைவ் டார்ச் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியில் அச்சிட்ட லூமன் எண்ணை, அதாவது வெளிச்சத்தின் அளவை. பேட்டரியை முதலில் பாருங்கள் என்பேன் நான்.

கைக்கு அடக்கமான டார்ச்சுகளில் பெரும்பாலும் 18650 என்ற அளவில் ஒரே ஒரு லித்தியம் அயான் செல்தான் இருக்கும். எடை 50 கிராமுக்குள். நல்ல செல் என்றால் சுமார் 12 வாட்-ஹவர் தரும், அதாவது 12 வாட்டை ஒரு மணி நேரத்துக்கு. 1000 லூமனுக்கு ஏறக்குறைய 10 வாட் செலவாகும்; முழு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதே ஒற்றைச் செல்லுக்கு '3000 லூமன், 2 மணி நேரம்' என்று போட்டிருந்தால் கணக்கு உதைக்கிறது. ஆனால் அதைப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. டார்ச்சுகளுக்கான ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற தர அளவீட்டின்படி, வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஓடுகிற நேரம் முழுவதும் கணக்கில் சேரும்.

ஒளியின் கோணம் 6 முதல் 10 டிகிரிக்குள் இருந்தால், கலங்கிய நீரிலும் 1000 லூமன் ஊடுருவிப் போகும். 100 டிகிரி அகல ஒளி வீடியோவுக்கானது. கலங்கல் நீரில் அதைப் போட்டால், மிதக்கும் துகள்கள் வெளிச்சத்தைத் திருப்பியடித்துக் கண்ணெதிரே வெள்ளையாக மறைக்கும்.

விமானத்தில் உதிரி செல்கள் கைப்பையில்தான் வரவேண்டும், முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி பிளாஸ்டிக் டப்பாவில். 100 வாட்-ஹவருக்கு உட்பட்ட செல்லுக்குப் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. டார்ச்சிலிருந்தும் செல்லைக் கழற்றிவிடுங்கள். இந்த டார்ச்சுகள் தண்ணீரால் குளிர்பவை; பைக்குள் தானாக எரிந்தால் துணி கருகும் அளவுக்குச் சூடேறும். செல்லைக் கழற்றவே முடியாத டார்ச்சைப் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

காந்த சுவிட்ச் நல்லது, டார்ச்சின் உடலில் துளை இல்லை. மணல் புகுந்தால் இறுகும். நன்னீரில் முன்னும் பின்னும் நகர்த்திக் கழுவினால் சரியாகும். டார்ச்சின் தலையைத் திருகி எரியவைக்கும் வகையில், அரைகுறையாகத் தளர்த்தி வைத்தால் ஆழத்தில் நீரழுத்தமே தலையை உள்ளே தள்ளி எரியவைத்துவிடும்.

நீர் கசிவதற்கு ஓ-ரிங்கில், அதாவது மூடியை அடைக்கும் ரப்பர் வளையத்தில், ஒட்டிய ஒரு தலைமுடி போதும். மூடும்போதெல்லாம் துடைத்து, பளபளப்புத் தெரியும் அளவுக்கு மட்டும் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். அப்பினால் மணல்தான் சேரும். பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள செல் சில மில்லிமீட்டர் நீளம் கூடுதல். மூடி கடைசிவரை திருகுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். நீர் புகாத் தன்மைக்கான ஐபிஎக்ஸ்8 குறியீடு மட்டும் போட்டிருந்தால் போதாது, ஆழம் மீட்டரில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

உப்புநீர் உள்ளே போய்விட்டால் செல் வாயுவைக் கக்கும், உள்ளே அழுத்தம் ஏறும். மூடியை முகத்துக்கு நேரே வைத்துத் திறக்காதீர்கள். வேறு பக்கம் திருப்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.