ஆமை ஓட்டுக்குள் ஒரு ரசிகர்

(தேவிபட்டினத்தில் இசை ஆர்வலர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் தம்பி தங்கையருக்கும் வணக்கம்.

சென்ற கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, நீங்கள் அடிக்கடி சொல்லும் பிரிட்டிஷ் ராக் பாடகர் ஜூலியன் கோப்பின் பாட்டுகளைத் தேடினேன், தட்டுகள் வந்து குவிகின்றன, போதாக்குறைக்குப் புத்தகங்கள் வேறு இருக்கின்றன, எதைப் பிடித்து உள்ளே போவது?" என்று கேட்டார். அன்று பேருந்துக்கு நேரமாகிவிட்டதால், அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். அந்தக் கடனைத்தான் இன்று தீர்க்கிறேன்.

பாடகர் ஒருவரைப் புதிதாகக் கேட்க வருபவரிடம், அவருடைய புகழ்பெற்ற பாட்டில் தொடங்குமாறு சொல்வதுதான் வழக்கம். கோப்பைப் பொறுத்தவரை, முதலில் புத்தகம், பிறகு பாட்டு என்பதே என் கட்சி. இந்தக் கரையில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இதன் நியாயம் எளிதில் புரியும். இலங்கை வானொலி நம் வீடுகளில் அடுத்த தெருவிலிருந்து பேசுவதைப் போலக் கேட்ட காலத்தில், கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் பாட்டுக்கு முன் சொல்லும் இரண்டு வாக்கியங்களுக்காகவே வானொலிப் பெட்டியின் அருகில் உட்கார்ந்திருந்தவர்கள் நாம். பாட்டைக் கேட்கக் காதைத் தயார்செய்வது ஒரு தனிக் கலை. அந்தக் கலை கைவந்த ராக் இசைக்காரர் கோப். பாடகராவதற்கு முன்பும் பின்பும் அவர் முதலில் ஒரு ரசிகர்.

அவர் 1957இல் தென் வேல்ஸில் பிறந்து, இங்கிலாந்தின் டாம்வொர்த்தில் வளர்ந்தவர். படிப்பதற்காக லிவர்பூலுக்குப் போன இடத்தில், 1977இல், இயன் மக்கல்லக், பீட் வைலி ஆகியோருடன் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார். அது சில வாரங்களில் கலைந்தது. மறு ஆண்டு 'தி டியர்ட்ராப் எக்ஸ்ப்ளோட்ஸ்' உருவானது. ஒரு மார்வெல் படக்கதையில் கண்ட சொற்களையே குழுவுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். 'கிளிமஞ்சாரோ', 'வைல்டர்' என்று இரண்டு தட்டுகள் வந்தன. 1981இல் 'ரிவார்ட்' என்ற பாட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஆறாம் இடத்தைப் பிடித்தது. 1982இல் குழு உடைந்தது.

இதை நான் சில வாக்கியங்களில் சொல்லிவிட்டேன். அவர் 1994இல் வெளியிட்ட 'ஹெட்-ஆன்' என்ற தன்வரலாற்றில் ஒரு புத்தகம் முழுக்கச் சொல்கிறார். முதலில் படிக்க வேண்டியது அதுதான். தன்னைப் பெரிய மனிதராகக் காட்டிக்கொள்ளும் ஆசை அதில் மருந்துக்கும் இல்லை. தன் அசட்டுத்தனத்தையும் பொறாமையையும் அவரே முன்வந்து போட்டுடைக்கிறார். போதைப்பொருள் பற்றிய பக்கங்கள் ஏராளம் என்பதால், பள்ளிப் பிள்ளைகள் கையில் இதைக் கொடுக்கமாட்டேன். படித்து முடித்த கையோடு 'கிளிமஞ்சாரோ'வைக் கேளுங்கள். வெறும் உற்சாகமாகக் கேட்ட எக்காளத்துக்குப் பின்னால் ஒருவரையொருவர் சகிக்க முடியாத சில இளைஞர்கள் நின்றுகொண்டிருப்பது தெரியும்.

அடுத்தது 'ஃப்ரைட்'. 1984இல் வந்த இந்தத் தட்டின் அட்டையில், பெரிய ஆமை ஓட்டைப் போர்த்திக்கொண்டு, உடம்பில் வேறு துணியில்லாமல் அவர் குனிந்திருக்கிறார். மூளை கலங்கிவிட்டது என்றுதான் அன்று பலரும் பேசினார்கள். கடலாமையைப் பார்த்துப் பழகிய நம் ஊர்க் கண்ணுக்கு அந்தப் படம் வேறுவிதமாகப் படுகிறது. கடலாமைக்குத் தலையை ஓட்டுக்குள் முழுதாக இழுத்துக்கொள்ளத் தெரியாது. அதன் ஓடு பாதிப் பாதுகாப்புத்தான். இந்தத் தட்டின் பாடல்களும் அப்படிப்பட்டவை. ஒளிந்துகொள்ள நினைப்பவரின் குரல் முழுதாக ஒளியாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. 1983 முதல் 1989 வரையான இந்தக் காலத்தை அவர் தன்வரலாற்றின் 'ரீபொசெஸ்ட்' என்ற இரண்டாம் பாகத்தில் எழுதியிருக்கிறார். இரண்டு பாகங்களும் ஒரே கட்டாகவும் வந்திருக்கின்றன.

இடையில் ஓர் எச்சரிக்கை. அவருடைய பெயரைச் சொன்னால் பலரும் நினைவுகூரும் பாட்டு 'வேர்ல்ட் ஷட் யுவர் மவுத்'. அதே பெயரில் 1984இல் ஒரு தட்டு இருக்கிறது. ஆனால் பாட்டு அதில் இல்லை! 1986இல் தனிப்பாட்டாக வந்து, 1987இல் 'செயிண்ட் ஜூலியன்' தட்டில் சேர்ந்தது. பெயரை நம்பித் தட்டை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் போட்டுத் தேடியவன் நான். அதற்கடுத்து வந்த 'மை நேஷன் அண்டர்கிரவுண்ட்' தட்டைத் தாண்டிப் போய்விடலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

தாண்டக் கூடாதது 1991இல் வந்த 'பெக்கி சூசைட்'. சிங்கப்பூரில் வேலை பார்த்த என் மச்சான், ஊருக்கு வந்தபோது கோடாலித் தைலத்தோடும் சட்டைத் துணியோடும் இதன் கேசட்டையும் கொண்டுவந்தார். அட்டை நன்றாக இருந்தது, வாங்கினேன் என்றார். அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பெக்கி என்பவள் பூமித்தாய். தன் பிள்ளைகள் செய்யும் கொடுமை தாளாமல் மலை விளிம்பில் வந்து நிற்கிறாள். விழுந்துவிடுவாளோ என்பதே தட்டு முழுவதும் ஓடும் பதைப்பு. தாட்சர் அரசு கொண்டுவந்த தலைவரியை எதிர்த்து 1990 மார்ச்சில் லண்டனில் நடந்த பேரணியில் கோப்பும் போனவர். அந்தக் கோபமும் இதில் சேர்ந்திருக்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட கதையைப் பெற்றோர் வாயால் கேட்டு வளர்ந்த எனக்கு, நிலம் பொறுமை இழக்கும் என்பது கவிஞரின் கற்பனையாகப் படவில்லை. நான்கு பகுதிகளாகப் பிரிந்த நீண்ட தட்டு இது. ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும்.

மறு ஆண்டு வந்த 'ஜெஹோவாகில்' இன்னும் கரடுமுரடானது. அதன் அட்டையில் இருப்பது, ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவிலுள்ள காலனிஷ் கல்வட்டம். அந்தத் தட்டு வெளியான அதே ஆண்டில் ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனம் அவரைக் கைவிட்டது. விற்பனைக்கு அது சரியான முடிவாக இருந்திருக்கலாம். காதுக்குத் தவறான முடிவு. இந்தத் தட்டைத் திறக்கும் சாவிகள் இரண்டு புத்தகங்களில் இருக்கின்றன. ஒன்று, 1995இல் வந்த 'கிராட்ராக்சாம்ப்ளர்'. எழுபதுகளின் ஜெர்மன் குழுக்களான ஃபவுஸ்ட், கான், நோய் (Neu!), ஆமோன் டூல் ஆகியோரைப் பற்றிப் பதின்பருவப் பையனின் வெறியோடு எழுதிய சிறு நூல்; கடைசியில் ஐம்பது தட்டுகளை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் வாதாடுகிறார். மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைப் படித்துவிட்டு அந்தத் தட்டுகளைத் தேடாமல் இருக்க முடியாது. நோய் குழுவின் மாறாத தாளத்தைக் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது, விடியலில் கரை திரும்பும் படகின் எஞ்சின் ஓசை. ஜப்பானிய ராக்கைப் பற்றி 2007இல் எழுதிய 'ஜாப்ராக்சாம்ப்ளர்' அந்த வழியில் வந்த தம்பி. அண்ணன் அளவுக்கு இல்லை.

மற்றொன்று 'தி மாடர்ன் ஆன்டிகுவேரியன்'. எட்டு ஆண்டுகள் பிரிட்டன் முழுக்க அலைந்து, முந்நூறுக்கும் மேற்பட்ட பெருங்கற்கால இடங்களை நேரில் பார்த்து 1998இல் வெளியிட்ட கனத்த நூல். முதற்பாதி கட்டுரைகள், பிற்பாதி ஒவ்வோர் இடத்துக்கும் போகும் வழியும் அங்கே நின்றபோது எழுதிய குறிப்பும். அவருடைய ஊகங்கள் எல்லாவற்றையும் தொல்லியலாளர்கள் ஏற்பதில்லை. எனக்கும் சில இடங்களில் சிரிப்பு வந்தது. அதற்காக நூலை மூடிவிடாதீர்கள். கல்லை நிறுத்துவதைக் காட்சி தொடங்கி வாழ்த்து வரை ஆறு படிகளாகத் தொல்காப்பியம் வகுத்துவைத்த மொழி நம்முடையது. இந்த மண்டபத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், இராமர் நிறுவியதாக நம் முன்னோர் சொல்லும் நவபாஷாணம் என்ற ஒன்பது கற்கள் கடலுக்குள் நிற்கின்றன. அவை வேறு, அவர் தேடிப் போன கற்கள் வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனால் கல்லின் முன் நின்றால் குரல் தானாகத் தாழும் என்பதை, மழையில் நனைந்த அந்த ராக் பாடகரும் நவபாஷாணத்தில் ஈரத்துணியோடு நிற்கும் நம் ஆச்சியும் ஒன்றுபோலவே அறிந்திருக்கிறார்கள்.

1997க்குப் பிறகு அவர் தன் சொந்த நிறுவனமான 'ஹெட் ஹெரிடேஜ்' வழியாக வெளியிட்டவற்றில் அருமையானவையும் உண்டு, ஒத்திகையை அப்படியே பதிந்துவிட்டதைப் போன்றவையும் உண்டு. மேலே சொன்னவற்றை முடித்தவர்கள் கேட்டால் தனியே பேசலாம்.

கேள்வி கேட்ட தம்பி மூன்றாம் வரிசையில் இருக்கிறார். 'ஹெட்-ஆன்' பிரதியைக் கொண்டுவந்திருக்கிறேன். அட்டை கிழிந்திருக்கிறது, பக்கங்கள் சரியாக இருக்கின்றன, அடுத்த கூட்டத்துக்குள் திருப்பித் தர வேண்டும். இப்போது 'பெக்கி சூசைட்' தட்டிலிருந்து 'சேஃப்சர்ஃபர்' என்ற எட்டு நிமிடப் பாட்டைக் கேட்போம். அதில் கிட்டார் மட்டும் நீண்டு ஒலிக்கும் இடம் உண்டு. அந்த இடத்தில் யாரும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒலிபெருக்கியைக் கடல் பக்கம் திருப்பிவிடுங்கள், தம்பி.