பதினேழு வயதுக்குள் ஓர் உலகக் கோப்பை
(இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் நடந்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, உடற்கல்வி ஆசிரியர்களே, பாம்பன், தங்கச்சிமடம், வேதாளை, மரைக்காயர்பட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்களே, முன்வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

பெண்கள் கால்பந்தைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அதில் எத்தனையோ செய்திகள் உண்டு என்றாலும், பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்காக உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா நடத்தும் உலகக் கோப்பையை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கலாம். உலகத்தின் மறுபக்கத்தில் இதே வயதில் இருக்கும் பிள்ளைகள் இன்னும் மூன்று நான்கு ஆண்டுகளில் அந்தப் போட்டியில் தங்கள் நாட்டின் சீருடையோடு இறங்கப் போகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது எது, நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போவது எது என்பதே என் பேச்சின் பொருள்.

இந்தப் போட்டி முதன்முதலில் 2008 ஆம் ஆண்டு நியூசிலாந்தில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் வட கொரியா அமெரிக்காவைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்றது. இரண்டாண்டுக்கு ஒரு முறை, பதினாறு அணிகளோடு நடந்து வந்த போட்டி, 2025 இல் மொராக்கோவில் இருபத்து நான்கு அணிகளோடு நடந்தது. இனி ஆண்டுதோறும் நடக்கும். 2029 வரை மொராக்கோவே நடத்தும். 2010 இல் தென் கொரியா, 2012 இல் பிரான்சு, 2014 இல் ஜப்பான், 2018 இலும் 2022 இலும் ஸ்பெயின் என்று வென்றவர்களின் வரிசை நீள்கிறது. வட கொரியாவோ 2008, 2016, 2024, 2025 என நான்கு முறை கோப்பையைக் கைப்பற்றியிருக்கிறது. மூத்தோர் ஆடவர் கால்பந்தில் ஆசியா இன்னும் எட்டாத உயரத்தை, ஆசியப் பெண் பிள்ளைகள் இந்த வயதுப் பிரிவில் பலமுறை எட்டிவிட்டார்கள். நம்மவர் உடல்வாகுக்குக் கால்பந்து ஒத்துவராது என்று பேசுகிறவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இந்தியாவுக்கு இந்தப் போட்டி வந்த கதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். முதலில் 2020 ஆம் ஆண்டுப் போட்டியே நமக்குத்தான் வழங்கப்பட்டிருந்தது. கொரோனா காலத்தில் அது 2021 க்குத் தள்ளிவைக்கப்பட்டு, பிறகு அடியோடு கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக 2022 ஆம் ஆண்டுப் போட்டியை நாம் பெற்றோம் என்பதால் நாட்டுக்கு நட்டமில்லை. ஆனால் 2003 இலும் 2004 இலும் பிறந்து, முகாம்களில் தங்கி, அந்த ஒரு போட்டிக்காகவே உழைத்த பிள்ளைகள், 2022 வந்தபோது வயது வரம்பைக் கடந்துவிட்டிருந்தார்கள். பதினேழு வயதுக்குட்பட்டோர் போட்டி ஒரு பிள்ளைக்காகக் காத்திருப்பதில்லை. பிள்ளைகளின் விளையாட்டு வயதைப் பற்றி முடிவெடுக்கும்போது பெரியவர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.

2022 ஆகஸ்டில், நம் நாட்டுக் கால்பந்து நிர்வாகத்தில் வெளியார் தலையீடு இருப்பதாகக் கூறி ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. அந்த மாத இறுதிக்குள் தடை நீங்கியதால் போட்டி தப்பியது. புவனேஸ்வரம், மட்காவ், நவி மும்பை ஆகிய மூன்று நகரங்களில் அக்டோபர் 11 முதல் 30 வரை ஆட்டங்கள் நடந்தன. போட்டியை நடத்தும் நாடு என்பதால் இந்தியா தகுதிச் சுற்றில் ஆடாமலே நேரடியாக இடம்பெற்றது. அமெரிக்கா, மொராக்கோ, பிரேசில் ஆகியவை நம் பிரிவில் இருந்தன. முதல் ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 0-8, இரண்டாவதில் மொராக்கோவிடம் 0-3, மூன்றாவதில் பிரேசிலிடம் 0-5 என்று தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல் வெளியேறினோம்.

இந்த எண்களைச் சொல்லும்போது எனக்கு வெட்கம் வருவதில்லை. அந்தப் பிள்ளைகளின் மீது மதிப்புத்தான் வருகிறது. அணித் தலைவி அஸ்தம் ஓராவன் ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவர். இருபத்தோரு பேர் கொண்ட அணியில் ஜார்க்கண்டிலிருந்து மட்டும் ஆறு பேர் இருந்தார்கள். மணிப்பூரும் அப்படியே பலரை அனுப்பியிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஒருவரும் இல்லை. 2018 இல் கட்டக்கில் மணிப்பூரை வென்று தேசிய சாம்பியன் பட்டம் பெற்ற மாநிலம் நம்முடையது. 2019 இல் இந்திய மகளிர் லீக்கில் பட்டம் வென்ற சேது எஃப்சியும் நம் தமிழ்நாட்டு அணிதான். மூத்தோர் பிரிவில் இவ்வளவு செய்த மாநிலத்திலிருந்து, இளையோர் அணிக்கு ஒரு பிள்ளைகூடப் போகவில்லை என்றால், இடையில் எங்கோ ஒரு படி உடைந்திருக்கிறது என்றுதான் பொருள்.

மொராக்கோவோடு நாம் ஆடிய ஆட்டத்தை நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்ததுண்டு. அமெரிக்கா இடைவேளைக்கு முன்பே ஐந்து கோல் அடித்துவிட்டது. அதை ஒப்பிட்டுப் பேசுவதில் பயனில்லை. மொராக்கோ அப்படியில்லை. அவர்களுக்கும் இந்த உலகக் கோப்பையில் அதுவே முதல் வருகை. இடைவேளை வரை அவர்களால் நமக்கு எதிராக ஒரு கோலும் அடிக்க முடியவில்லை. நம் பிள்ளைகள் நெருக்கமாக நின்று, இடைவெளி விடாமல் தடுத்து ஆடினார்கள். இடைவேளைக்குப் பிறகு ஒரு பெனால்டியில் தொடங்கி மூன்று கோல்கள் விழுந்தன. முதல் பாதியில் காட்டிய ஒழுங்கு இரண்டாம் பாதியில் தளர்ந்தது ஏன்? முகாமில் மாதக் கணக்கில் ஓடினாலும், ஆட்டத்தின் எழுபதாவது நிமிடத்தில் தலை தெளிவாக வேலை செய்யும் பழக்கம் ஆட்டங்களை ஆடுவதால் மட்டுமே வரும் என்பது என் திடமான எண்ணம். மொராக்கோ 2020 இல் பெண்களுக்கு இரண்டு நிலைகளில் தொழில்முறை லீக்கைத் தொடங்கியது. 2022 ஜூலையில் ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதிக்கு வந்தது. 2023 மூத்தோர் உலகக் கோப்பையில் முதல் வருகையிலேயே பிரிவுச் சுற்றைத் தாண்டியது. வாரந்தோறும் ஆட்டம் நடக்கும் நாட்டுக்கும் நடக்காத நாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த இரண்டாம் பாதியில் கண்டோம்.

இன்னொரு பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொலம்பியாவின் லிண்டா கைசெடோ பதினான்கு வயதிலேயே அந்நாட்டின் பெண்கள் லீக்கில் ஆடத் தொடங்கினார். பதினைந்து வயதில் சினைப்பையில் புற்றுநோய் கண்டு, அறுவைச் சிகிச்சை பெற்று, மீண்டு வந்தார். 2022 என்ற ஒரே ஆண்டில் ஜூலையில் தென் அமெரிக்க நாடுகளின் மூத்தோருக்கான கோபா அமெரிக்கா, ஆகஸ்டில் இருபது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை, அக்டோபரில் இந்தியாவில் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை என்று மூன்றிலும் ஆடினார். நவி மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தில் கொலம்பியா ஸ்பெயினிடம் 0-1 என்று, அதுவும் சேம் சைடு கோலால், தோற்றது. மறு ஆண்டே அவர் மூத்தோர் உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராகக் கோல் அடித்தார். அவருடைய திறமை பிறவியில் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். பதினான்கு வயதில் அவர் இறங்கி ஆட ஒரு லீக்கை அவருடைய நாடு ஆயத்தமாக வைத்திருந்ததே, அது பிறவியில் வந்ததன்று. 2018 இல் உருகுவேயில் கோப்பை வென்ற ஸ்பெயின் பிள்ளைகளில் சல்மா பரயுவேலோவும் கோல்கீப்பர் கத்தா கோலும் 2023 இல் சிட்னியில் மூத்தோர் கோப்பையையும் ஏந்தியதற்குப் பின்னால் இருப்பதும் அதே ஏற்பாடுதான்.

கீழக்கரை, பெரியபட்டினம், மரைக்காயர்பட்டினத்துப் பெற்றோர்களுக்காக ஒரு செய்தி. 2011 இல் ஈரான் பெண்கள் அணி தலையை மறைக்கும் துணியோடு வந்ததால் ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தில் ஆட அனுமதி மறுக்கப்பட்டது. பிறகு விதிகள் ஆராயப்பட்டு, 2014 முதல் தலைத்துணி முறைப்படி அனுமதிக்கப்பட்டது. 2016 இல் இந்தப் பதினேழு வயதுக்குட்பட்டோர் போட்டி ஜோர்டானில் நடந்தபோது, அந்நாட்டு அணியின் பிள்ளைகள் சிலர் தலைத்துணி அணிந்தே ஆடினார்கள். 2023 இல் மொராக்கோவின் நுஹைலா பென்சினா மூத்தோர் உலகக் கோப்பையில் அப்படி ஆடிய முதல் பெண் ஆனார். முழுக்கால் உடையும் அணியலாம். ஆடையைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையை மைதானத்திலிருந்து நிறுத்த வேண்டிய தேவை இன்று விதிப்படியும் இல்லை.

இனி நம் கரைக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் கடற்கரை மணலில் ஆடிப் பழகியவர்கள். மணலில் கால் புதையும், பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். அதனால் பெருவிரலால் பந்தைக் கெண்டித் தூக்கி அடிக்கும் பழக்கம் தானாக வந்துவிடுகிறது. காலின் உட்புறத்தால் தரையோடு தட்டிவிடும் பாஸ், புல்தரையிலோ கெட்டி மண்ணிலோ ஆடினால்தான் கைவரும். மாவட்ட ஆட்டத்துக்காக இராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்துக்குப் போகும் பிள்ளை, முதல்முறை பூட்ஸ் அணிந்து, குதிகால் கொப்பளித்து, பந்து தன் காலை மீறி ஓடுவதைக் கண்டு திகைத்து நிற்கிறாள். ஆனால் அதே மணல் அவளுக்குக் கொடுத்திருக்கும் கெண்டைக்கால் வலிமை வேறு யாருக்கும் எளிதில் வராது. மூச்சடக்கிக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் தாய்மார்களின் மகள்கள் இவர்கள். உடல் உறுதி குறைவு என்று இவர்களைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

குறைவது நேரம். பள்ளி விட்டு வந்த பிள்ளை, குழாயில் தண்ணீர் வராத நாட்களில், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊற்றுக்குப் போகிறாள். வண்டி வரிசையில் நிற்கும்போதே வெளிச்சம் போய்விடுகிறது. அவளுடைய அண்ணனோ தம்பியோ அந்த நேரத்தில் மைதானத்தில் இருக்கிறான். அதற்கடுத்து, வயதுக்கு வந்ததும் ஆட்டத்தை நிறுத்திவிடுவது. பெற்றோரின் அச்சத்தை நான் இழிவாகப் பேச மாட்டேன். மைதானத்தருகே கழிப்பறை இல்லை, உடை மாற்ற மறைவிடம் இல்லை, கூட வர ஒரு பெண் ஆசிரியர் இல்லை, திரும்பும் வழியில் விளக்கு இல்லை என்றால் எந்தத் தாய் துணிந்து அனுப்புவார்? உலகக் கோப்பைக்குப் போகும் பிள்ளைகள் பன்னிரண்டு முதல் பதினாறு வரை இடைவிடாமல் ஆடுகிறார்கள். நம் பிள்ளைகள் சரியாக அந்த வயதில்தான் ஆட்டத்தை விடுகிறார்கள். நான் உடைந்த படி என்று சொன்னது இதைத்தான்.

இதைச் சரிசெய்ய முடியும் என்பதற்கு நம் கடலோரத்திலேயே சான்று உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலூரில் பயிற்சியாளர் மாரியப்பன் பெண் பிள்ளைகளைக் கொண்டு அணி வளர்த்தார். அந்த மாவட்டத்தைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்காக ஆடினார். இன்று தமிழ்நாடு காவல்துறையில் பணிபுரிகிறார். நாட்டளவிலும் நிலை மாறிவருகிறது. 2025 அக்டோபரில் பதினேழு வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள், கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில் முதலில் ஒரு கோல் பின்தங்கியும், உஸ்பெகிஸ்தானை 2-1 என்று வென்று 2026 ஆசியக் கோப்பைக்கு இடம் பிடித்தார்கள். 2022 இல் போட்டியை நடத்தும் நாடு என்பதால் கிடைத்த இடம் போலன்றி, இது ஆடிப் பெற்ற இடம்.

ஆகவே நான் ஒன்றைக் கேட்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். தந்தையர் வீட்டில் இருப்பார்கள். பெரும்பகுதி பள்ளி விடுமுறையும் அதில் அடங்கும். வருமானம் இல்லாத காலம் என்பதையும் அறிவேன். அதனால் பெரிய செலவு வைக்கும் எதையும் கேட்கவில்லை. அந்த வாரங்களில் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் ஆகிய ஊர்களுக்குள் பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களுக்கு ஒரு லீக் நடத்துவோம். தோற்றவுடன் வீட்டுக்கு அனுப்பும் நாக் அவுட் வேண்டாம்; ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஆடட்டும், அப்போதுதான் ஒரு பிள்ளைக்கு ஏழு முழு ஆட்டங்கள் கிடைக்கும். வெயிலுக்கு முன் காலை ஆறு மணிக்கு ஆட்டம் வைப்போம். அன்று தண்ணீர் வண்டியை அண்ணன் தள்ளட்டும்.

கோல் கம்பத்தின் அளவு 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். உலகக் கோப்பையிலும் இதே அளவுதான். அதற்கு வலை பின்ன இந்தக் கரையில் ஆள் தேட வேண்டியதில்லை. ஒவ்வோர் அணியோடும் இரண்டு தாய்மார்கள் துணைக்கு வர வேண்டும். பள்ளியின் கழிப்பறையும் ஒரு வகுப்பறையும் ஆட்ட நாட்களில் திறந்திருக்க, தலைமையாசிரியர் அவர்கள் இந்த மேடையிலேயே ஒப்புதல் தர வேண்டுகிறேன். அணிகளின் பெயர்களை உடற்கல்வி ஆசிரியர்கள் மார்ச் மாத இறுதிக்குள் பதிவு செய்துவிட்டால், தடைக்காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையே முதல் ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம். நன்றி, வணக்கம்.