சாமி கொடுத்த வரமும் பூசாரி மறித்த வண்டியும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நீதியரசர் அவர்களே, வரவேற்புரையில் என்னை அளவுக்கு மேல் புகழ்ந்த செயலாளர் அவர்களே, உடல்நலம் சரியில்லாத நிலையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த வழக்கறிஞர் ஐயா அவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். சட்டத்தை இரக்கத்தோடு வாசிக்க வேண்டும் என்பதை என்னைப் போன்றவர்கள் நீதியரசர் அவர்களின் தீர்ப்புகளில்தான் கற்றுக்கொண்டோம். அவர் முன்னால் பேசுவது என் பேறு.

போர் நடக்கும் இடத்தில் யார் உதவலாம், அதற்கு யார் சம்மதிக்க வேண்டும், உதவப் போகிறவர்களுக்கு என்ன பாதுகாப்பு. இந்த மூன்றையும் பேச வந்திருக்கிறேன்.

உள்நாட்டுப் போரானாலும், செஞ்சிலுவைச் சங்கம் போன்ற பாரபட்சமற்ற அமைப்பு உதவ முன்வரலாம் என்கிறது, போருக்கு வரம்பு கட்டும் 1949 ஜெனீவா ஒப்பந்தங்கள் நான்கிலும் பொதுவாக உள்ள 3ஆம் பிரிவு. நாடுகளுக்கிடையிலான போரில் அப்படி முன்வருவதைத் தலையீடாகக் கருதக் கூடாது என்று அந்த ஒப்பந்தங்களோடு 1977இல் சேர்த்த முதல் கூடுதல் நெறிமுறையின் 70ஆம் பிரிவும் சொல்கிறது. ஆனால் அதே பிரிவு சம்பந்தப்பட்ட தரப்புகளின் சம்மதமும் வேண்டும் என்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி உட்கார்ந்திருப்பது இங்கேதான். வண்டியைச் சோதனை போடட்டும், சட்டமே அதற்கு இடம் தருகிறது. தக்க காரணமில்லாமல் மறிக்கத்தான் உரிமை இல்லை. 2018 மார்ச்சில் சிரியாவில் முற்றுகையில் இருந்த கிழக்கு கூத்தா பகுதிக்குப் போன உதவி லாரிகளிலிருந்து இன்சுலினையும் அறுவைச் சிகிச்சைப் பெட்டிகளையும் இறக்கிவிட்டுத்தான் சிரிய அரசின் அதிகாரிகள் அனுப்பினார்கள். இன்சுலினை வைத்து எந்தப் போரை நடத்த முடியும்?

ஒரு சம்பவம் சொல்கிறேன். மாணவர்கள் கவனமாகக் கேளுங்கள். 1941 செப்டம்பரில் ஜெர்மானியப் படை சோவியத் நாட்டின் லெனின்கிராட் நகரை, இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கை, முற்றுகையிட்டது. முற்றுகை 872 நாள் நீடித்தது. அந்த நவம்பரில் வேலைக்குப் போகாதவர்களுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி, அதுவும் மாவோடு மரக்கூழ் கலந்தது. நகரின் நடுவே ஒரு விதை ஆய்வகம். உலகமெங்கும் திரட்டிய நெல்லும் கோதுமையும் பயறும் அலமாரிகளில் பொட்டலம் பொட்டலமாக இருந்தன. நாளைய விவசாயத்துக்கான வித்து என்று ஒரு மணியைக்கூடத் தொடாமல், காவல் இருந்த விஞ்ஞானிகள் பசியால் ஒவ்வொருவராகச் செத்தார்கள். சுற்றிலும் அரிசி, நடுவில் பட்டினிச் சாவு! பசி வந்தால் பத்தும் பறக்கும் என்கிறோம், இவர்களுக்குப் பறக்கவில்லையே!

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். முற்றுகையிட்ட படையின் தளபதி வில்ஹெல்ம் ஃபான் லீப், போர் முடிந்தபின் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் அமெரிக்க நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். பட்டினியால் வெளியேறும் மக்களைப் பீரங்கியால் சுட்டு மறுபடி நகருக்குள்ளேயே விரட்டும் உத்தரவு பற்றியும் விசாரித்தார்கள். 1948இல் வந்த தீர்ப்பு, அன்றைய போர்ச் சட்டப்படி அது குற்றம் அல்ல என்றது. சட்டம் வேறு மாதிரி இருந்திருக்கக் கூடாதா என்று அந்த நீதிபதிகளே ஏங்கி எழுதினார்கள். மக்களைப் பட்டினி போடுவதைப் போர் முறையாகக் கொள்ளக் கூடாது என்ற தடை ஒப்பந்தத்தில் ஏற 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நான் ஊர் ஊராகப் பேசிவரும் கோரிக்கைக்கு வந்துவிட்டேன். சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ஒப்பந்தமான 1998 ரோம் சட்டம் பட்டினி போடுவதைப் போர்க்குற்றம் ஆக்கியது, ஆனால் நாடுகளுக்கிடையிலான போரில் மட்டும். உள்நாட்டுப் போருக்கும் அதை விரிக்கும் திருத்தம் 2019 டிசம்பரில் நிறைவேறியது. தனித்தனியே ஏற்ற நாடுகளையே அது கட்டும். உறுப்பு நாடுகளில் பெரும்பாலானவை இன்னும் ஏற்கவில்லை. சாமி வரம் கொடுத்தாயிற்று, பூசாரிகள் கோப்புகளை மேசையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டினி கிடக்கும் குழந்தைக்கு இது உள்நாட்டுப் போரா வெளிநாட்டுப் போரா என்ற கணக்கு எதற்கு?

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை என்று தலைவர் அவர்கள் மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள். சரி, உதவப் போகிறவர்களின் பாதுகாப்பு தனிக் கூட்டத்துக்குரிய பொருள். திருத்தத்தை ஏற்காத உறுப்பு அரசுகள் தாமதமின்றி ஏற்க வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். மூத்த வழக்கறிஞர் ஐயா வழிமொழிய இசைந்திருக்கிறார்கள். செயலாளர் அவர்கள் வாசிப்பார்கள், கை உயர்த்தி ஆதரவு தாருங்கள்.